கால் ஊன்றாமல் ஓர் எட்டு

குரு என்றதும் உங்களுக்கு ஆலமரமும் வெள்ளைத் தாடியும் நினைவுக்கு வந்தால், இரண்டையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். இந்தக் கதையில் வரும் குருவுக்கு இருபத்தொன்பது வயது. பெயர் மாரிச்செல்வி. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டிய ஒரு பொட்டலில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவரை நம் பக்கம் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவளும் மாஸ்டர்தான்.

சிஷ்யைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெயர் கித்தேரியம்மாள். தலையில் கூடை வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்கிறவள். அவள் தெருமுனையில் குரல் கொடுத்தால், மறுமுனையில் பூனைகள் எழுந்து உட்காரும்.

மீன் விற்கும் பெண்களின் சங்கம், கூடை சுமக்கிறவர்களுக்கு ஐஸ் பெட்டி வைத்த மொபெட் தருவதாகச் சொல்லியிருந்தது. கித்தேரிக்கும் ஒன்று உண்டு. ஆனால் லைசென்ஸைக் காட்டினால்தான் சாவி. விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அது முடிந்து படகுகள் கிளம்பும் நாளுக்குள் காட்டாவிட்டால், வண்டி வேறொருத்திக்குப் போய்விடும்.

கித்தேரிக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. அந்த வண்டி இல்லாவிட்டால் மீண்டும் கூடைதான். கித்தேரி அன்றைக்கே பொட்டலுக்குப் புறப்பட்டாள்.

"மாஸ்டர், எனக்கு ஒரு லைசென்ஸ் வேணும்."

"எந்த லைசென்ஸு, யக்கா?"

"ஏன், அதுல எத்தன இருக்கு?"

மாரிச்செல்வி விரலை மடக்கினாள். "கியர் இல்லாத டூ வீலருக்கு ஒண்ணு. கியர் வச்சதுக்கு ஒண்ணு. காருக்கு லைட். பஸ், லாரிக்கு ஹெவி."

"இதுல எது பெருசு?"

"ஹெவி."

"அப்ப அதையே போடு. கேக்குறதுதான் கேக்கோம், பெருசாவே கேப்போம்."

பட்டம் மாஸ்டர், பேச்சில் 'நீ'. கித்தேரியின் மரியாதை அந்த அளவில்தான் இருந்தது. மாரிச்செல்வி அதைக் கண்டுகொள்ளவில்லை.

"ஹெவி எடுத்த எடுப்புல கெடைக்காது. மொதல்ல லைட் வாங்கி, ஒரு வருஷம் வச்சிருக்கணும். சரி, நீங்க ஓட்டப் போறது என்ன வண்டி?"

"மொபெட்டு."

"அதுல கியர் உண்டா?"

"கெடையாது."

"பின்னால யார ஏத்தப் போறீங்க?"

"சாளை, நெத்திலி, கெடைச்சா வெளமீனு."

"அதெல்லாம் டிக்கெட் எடுக்குமா?"

"செத்ததுக்கு எதுக்கு டிக்கெட்டு?"

"அப்ப கியர் இல்லாததே போதும்."

கித்தேரியின் முகம் சுருங்கியது. "கியர் இல்லாததுன்னு அட்டையில போட்டிருந்தா, கரையில கெடக்க பயலுவ சிரிக்க மாட்டானுவளா?"

"யக்கா, நீங்க சொமக்குற கூடை எவ்வளவு பெருசு?"

"என் தலைக்குத் தக்கன இருக்கும்."

"கரையில இருக்கதுலயே பெரிய கூடையா பாத்து ஏன் வாங்கல்ல?"

கித்தேரி மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சரி, கியர் இல்லாததே போடு."

அதுவும் நேராகக் கைக்கு வருவதில்லை. முதலில் எல்.எல்.ஆர் வாங்க வேண்டும் என்றாள் மாரிச்செல்வி.

"அது என்னது?"

"வண்டி ஓட்டக் கத்துக்கிடுறதுக்கு அனுமதி."

"கத்துக்கிடுறதுக்கே அனுமதியா?"

"ஆமா. அத வாங்கி, முன்னாலயும் பின்னாலயும் செவப்புல எல் ஒட்டிக்கிட்டு, ஒரு மாசம் பழகணும். அதுக்கப்புறம் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால எட்டுப் போடணும். கால் ஊனாம."

கடைசி இரண்டு வார்த்தைகள் கித்தேரியின் காதில் அப்போது விழவில்லை.

ஆதார் கார்டைத் தேடி எடுத்தாள். போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது என்று சொன்னதால் சண்டைக்காரி மாதிரி ஒரு போட்டோ கிடைத்தது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டதால் டாக்டர் சான்றிதழும் வேண்டும் என்றார்கள். டாக்டர் கண்ணைச் சோதித்தார்.

"தூரத்துல இருக்கது தெரியுதாம்மா?"

கித்தேரி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அந்தா ஒருத்தர் பையைத் தூக்கிட்டுப் போறாரு. பைக்கு வெளிய வாலு நீட்டிட்டு இருக்கு. பாரை. ஐஸ்ல கெடந்து எளச்ச பாரை. பாவம், ஏமாந்துட்டாரு."

டாக்டர் உடனே கையெழுத்துப் போட்டார்.

எல்.எல்.ஆர் பரீட்சையில் சாலைக் குறிகளைக் கேட்பார்கள். மாரிச்செல்வி படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டாள்.

"இது?"

"பள்ளிக்கூடம்."

"இது?"

"வளைவு."

"இது?" படத்தில் ஒரு ஹார்ன். அதன் குறுக்கே சிவப்புக் கோடு.

"ஊதக் கூடாது."

"சரி."

"என்ன சரி? ஊதாம மீன எப்பிடி விக்க?"

"இந்தப் படம் எங்க இருக்கும்?"

"ஆஸ்பத்திரிக்கிட்ட."

"ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கவன் மீனு வாங்குவானா?"

கித்தேரி யோசித்தாள். "கஞ்சில்லா குடிச்சிட்டுக் கெடப்பான்."

"அப்ப அவன எதுக்கு எழுப்பணும்?"

பரீட்சையில் அந்தப் படம் வந்தது. கித்தேரி கம்ப்யூட்டர் திரையில் சரியான விடையைத் தொட்டாள். எல்.எல்.ஆர் கைக்கு வந்த அன்று அதை ஜெபமாலையோடு சேர்த்து வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம் ஆரம்பமானது.

நேர்ப் பாதையில் கித்தேரி நன்றாகவே ஓட்டினாள். உப்பளத்துக் கரை நெடுகப் போய், திரும்பி வந்து, 'இன்னொருக்கா' என்பாள். பொட்டலில் கோடு போட்டு வைத்த எட்டுக்கு வந்தால் மட்டும் கதை மாறிவிடும். முதல் வளைவு வரைக்கும் சரியாக வருவாள். எட்டின் இடுப்புக்கு வந்ததும் முன் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பாள். வண்டி ஒரு ஆட்டம் ஆடும். இடது கால் தானாகத் தரையில் இறங்கிவிடும்.

"கால் ஊனாதீங்க."

"ஊனல்லியே!"

"அப்ப மண்ணுல கெடக்குறது யாரு காலு?"

கித்தேரி தன் காலைப் பார்த்து முறைப்பாள். மறுபடி ஏறுவாள். மறுபடி அதே இடுப்பு, அதே கால்.

சோதனை நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் தன்மையாகத்தான் பேசினார். "அவசரமே இல்லம்மா, மெதுவா போடுங்க." கித்தேரி மெதுவாகப் போட்டாள். கால் அதைவிட மெதுவாகத் தரைக்கு வந்தது.

"கால் ஊனிட்டீங்கம்மா. ஒரு வாரம் கழிச்சு வாங்க."

ஒரு வாரம் கழித்து என்றால் தடைக்காலம் முடிவதற்கு முந்தின நாள். அதையும் விட்டால் வண்டி கைவிட்டுப் போய்விடும்.

இருவரும் பொட்டலுக்குத் திரும்பினார்கள். வண்டியை நிறுத்திவிட்டு, உப்பளத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கித்தேரி கேட்டாள்:

"மாஸ்டர், ஒண்ணு கேக்கேன். பதில் சொல்லுவியா?"

"கேளுங்க."

"எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போனவரு திரும்பல்ல. அன்னைக்கி என் மாமியா சொன்னா, கால ஊனி நில்லு கித்தேரின்னு. கோயில்ல சாமியாரு சொன்னாரு. ஊரே சொல்லிச்சு. நானும் ஊனி நின்னேன். ரெண்டு பொம்பளப் புள்ளையளையும் கரையேத்துனேன். அப்பிடி ஊனுன காலு இது. இப்ப நீ வந்து ஊனாத ஊனாதன்னு சொல்லுத. இதுல எது சரி?"

அவளுக்கு அழுகை வரவில்லை. தன் கால் மேலேயே கோபமாக வந்தது. இத்தனை காலம் தன்னைத் தாங்கிய காலைத் திட்ட வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாகவும் இருந்தது.

மாரிச்செல்வி அவள் காலைப் பார்த்தாள். பிறகு தலையைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க கூடை எங்கக்கா?"

"வீட்டுல கவுந்து கெடக்கு."

"நாளைக்கி எடுத்துட்டு வாங்க. கூடவே சும்மாடும்."

"நா எத கேக்கேன், நீ எத சொல்லுத?"

"எடுத்துட்டு வாங்கக்கா."

மறுநாள் காலையில் கித்தேரி கூடையோடு வந்தாள். மாரிச்செல்வி உப்பளத்தில் சொல்லி, பாதிக் கூடைக்கு உப்பு வாங்கிப் போட்டாள்.

"தூக்கி வச்சுக்கிட்டு எட்டு மேல நடங்க."

"வண்டி பழக வந்தவள உப்புச் சொமக்க விடுதியே, நல்லாருப்பியா?"

திட்டிக்கொண்டே கித்தேரி துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டினாள். கூடையைத் தலையில் வைத்தாள். இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு எட்டின் மேல் நடந்தாள். முதல் வளைவு, இடுப்பு, இரண்டாம் வளைவு, மறுபடி இடுப்பு. கூடை அசையவே இல்லை. இரண்டாம் சுற்றில் பழக்க தோஷம், அவளை அறியாமல் குரல் கிளம்பிவிட்டது.

"மீனோய்... மீனு!"

உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "தடைக்காலத்துல ஏது மீனு?" என்று ஒருத்தர் கத்தினார். "உப்புல ஊறுது, வெயிட் பண்ணுங்க!" என்று நடந்தபடியே கித்தேரி பதில் கொடுத்தாள்.

"நில்லுங்க," என்றாள் மாரிச்செல்வி. "எட்டோட இடுப்புல எந்தக் கால முன்னால வச்சீங்க?"

"யாருக்குத் தெரியும்? நா என்ன கீழ பாத்துட்டா நடந்தேன்?"

"ஏன் பாக்கல்ல?"

"நல்லா கேட்ட! கீழ குனிஞ்சா கூடை விழுந்துராதா?"

"அப்ப எங்க பாத்தீங்க?"

"போற எடத்ததான்."

மாரிச்செல்வி கூடையை இறக்கி வைத்தாள். வண்டியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து, கித்தேரியின் தலையில் மாட்டி, வாரை இறுக்கினாள்.

"இந்தாங்க. கூடை."

கித்தேரி ஒரு கணம் அப்படியே நின்றாள். ஹெல்மெட்டுக்குள் இருந்து முதலில் ஒரு 'ஹ' வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வண்டி மேல் சாய்ந்துகொண்டு, உப்பளமே கேட்கும்படி சிரித்தாள். "அடி மாஸ்டரே! இத மொத நாளே சொல்லக் கூடாதா?"

"மொத நாளு நீங்க ஹெவி கேட்டீங்க."

வண்டியில் ஏறிப் போட்ட முதல் சுற்றில் சிரிப்பு அடங்காமல் கால் ஒருமுறை தரையைத் தொட்டுவிட்டது. இரண்டாவது சுற்றில் தொடவில்லை. அதற்கப்புறம் தொடவே இல்லை.

ஒரு வாரம் கழித்து, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கித்தேரி ஹெல்மெட்டை மாட்டினாள். தலையை ஒருமுறை லேசாக ஆட்டி, பாரம் சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டாள். வண்டியை எடுத்தாள். கண் போகும் இடத்தைப் பார்த்தது. கால் தன் பாட்டுக்கு வண்டியின் மேலேயே இருந்தது. எட்டு ஒன்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது.

"போதும்மா, பாஸ்!"

"இன்னும் ஒண்ணு போட்டுக்கிடுதேன் சார்!"

"அம்மா, பின்னால ஆள் நிக்கி!"

"இந்தா வந்துட்டேன்!" என்று சொல்லிக்கொண்டே கித்தேரி மூன்றாவது எட்டையும் போட்டாள். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கித்தேரிக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

அட்டை தபாலில் வருவதற்கு முன்பே லைசென்ஸ் போனில் வந்துவிட்டது. சங்கத்தில் அதைக் காட்டினாள். சாவி கொடுத்தார்கள். மறுநாள் படகுகள் கடலுக்குக் கிளம்பின.

படகுகள் கரை திரும்பிய காலையில் பொட்டலில் ஹார்ன் சத்தம் கேட்டது. மாரிச்செல்வி மீனுக்குச் சட்டியோடு ஸ்கூல் கொட்டகையிலிருந்து வெளியே வந்து பார்த்தாள். புது மொபெட், பின்னால் ஐஸ் பெட்டி, பெட்டி நிறைய மீன். ஓட்டி வந்த கித்தேரி வண்டியை நிறுத்தவில்லை. மாஸ்டரை நடுவில் வைத்து ஒரு சுற்று வந்தாள். மறுபடி ஒரு சுற்று. முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"எறங்குங்கக்கா!"

"எறங்க மாட்டேன். அன்னைக்கி நா கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல்ல."

"என்ன கேட்டீங்க?"

கித்தேரி அடுத்த சுற்றில் கேட்டாள். "ஊனுன்னு ஊரு சொல்லிச்சு. ஊனாதன்னு நீ சொன்ன. இனி நா எப்பத்தான் கால ஊன, மாஸ்டர்?"

மாரிச்செல்வி சட்டியை நீட்டினாள்.

"யாராச்சும் மீனு கேட்டா ஊனுங்க. எனக்கு அரைக்கிலோ சாளை."