ஐந்து சாவடி கடந்த தோசை

முன்னொரு காலத்தில் மஞ்சளாற்றங்கரையில் வீரதுங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், காலையில் எடுத்த முடிவை மாலைவரை வைத்திருக்கத்தான் அவருக்குத் தெரியாது.

அக்கம்பக்கத்து நான்கு நாடுகளோடு கூடி, "இனி எல்லையில் சுங்கச்சாவடி கிடையாது, ஐந்து நாட்டுக்கும் ஒரே சந்தை" என்று அவர் முத்திரை குத்தி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் பக்கத்து நாட்டுப் பாய் மலிவாக வந்து குவிந்தது. உள்ளூர்ப் பாயைச் சீந்துவாரில்லை. சாவடியை மறுபடி போட்டால் என்ன என்று ராஜாவுக்கு யோசனை வந்தது.

மந்திரி பூவராகர் ஆறு மாதம் ஊர் ஊராக அலைந்து முந்நூறு ஓலையில் ஆராய்ச்சி எழுதி வந்தார். "பிரபு, பாய் நெய்யும் கோரையே நமக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. மறுபடி வழிமறித்தால் நம் பாய்தான் இன்னும் விலையேறும்."

சாவடி போனதிலிருந்து சலாம் போட ஆளில்லாமல் புழுங்கிக்கிடந்த சுங்க அதிகாரி அனந்தகோடியார் துள்ளி எழுந்தார். "மந்திரி பக்கத்து நாட்டுக்கு விலைபோய்விட்டார் பிரபு! எல்லைக்கு ஐந்து சாவடி போடுங்கள். நம் சரக்கை எவன் ஜெயிப்பான்?"

"பலே!" என்றார் ராஜா. "பூவராகரே, ஓலையைக் கண்டாலே எனக்குக் கொட்டாவி வருகிறது. நாளை மதியத்துக்குள் படிக்காமலே புரியவையும். இல்லையேல் குடும்பத்தோடு நாட்டைவிட்டுக் கிளம்பும்."

பூவராகர் யோசித்தார். வீட்டில் மனைவி நிறைமாத கர்ப்பிணி. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு எந்தக் காட்டுக்குப் போவது? பிறகு கேட்டார்: "அத்தனை நல்ல சாவடியை முதலில் அரண்மனைக்குள்ளேயே போட்டுப் பார்க்கலாமே?"

அனந்தகோடியாருக்கு வாயெல்லாம் பல். சமையற்கட்டுக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவே ஐந்து சாவடி போட்டு, காவலர்களை நிறுத்தி, சாவடிக்கொரு சட்டமும் கொடுத்தார்.

மறுநாள் காலை ராஜாவின் தோசை புறப்பட்டது. முதல் சாவடியில், "ஒரு சாணுக்கு மேல் செல்லாது" என்று சுற்றிலும் நறுக்கினார்கள். இரண்டாவதில், "இங்கே சதுரம்தான்" என்று நாலு பக்கமும் வெட்டினார்கள். மூன்றாவதில் ஒருவன் தோசையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "ஐயையோ, இத்தனை ஓட்டையா! கள்ளச்சரக்கு போய்விடுமே" என்று ஊசிநூலால் தைத்தான். நான்காவதில் அரக்கு முத்திரை வைத்தார்கள். ஐந்தாவதில் ருசி பார்த்தார்கள், அதுவும் நாலு பேர்.

உச்சிப்பொழுதில் தங்கத்தட்டில் சீடையளவு துண்டு ஒன்று வந்துசேர்ந்தது. அதிலும் முக்கால்வாசி அரக்கு.

"என்னய்யா இது?"

"நம் நாட்டுத் தோசை, பிரபு. இந்த மண்டபத்தில் இதை ஜெயிக்க வேறு தோசையே இல்லை" என்றார் பூவராகர்.

பசியில் ராஜாவுக்குக் கண் இருட்டியது. "அனந்தகோடியாரே! நீரே ஓடிப்போய்ச் சூடாக ஒன்று கொண்டுவாரும்!"

ஓடியவரை முதல் சாவடியிலேயே காவலன் மறித்தான். "ஐயா, மீசை அளவுக்கு மேல நாலு விரல் இருக்குதுங்க."

"அடேய், உன்னை வேலைக்கு வெச்சதே நான்தான்டா!"

"சட்டம் போட்டதும் நீங்கதானுங்களே" என்றான் அவன், கத்தரியை எடுத்தபடி.

மீசையில் ஒரு பக்கம் போனதுமே அனந்தகோடியார் பிய்த்துக்கொண்டு திரும்பி ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தார். "பிரபு! எல்லாச் சாவடியையும் இடிச்சுத் தள்ளுங்க! மனுஷன் போக வர வழியில்ல!"

ராஜா காலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் பட்டுச்சால்வையைக் கழற்றிப் பூவராகர் தோளில் போட்டார்.

"முந்நூறு ஓலையில் நீர் எழுதியதை, பாரும், இவர் பாதி மீசையோடு ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்!"