கழுநீருக்கு ஒரு பொன்

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே. கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே விட்டுவிடுங்கள், கதை நடுவில் வேண்டாம்.

கடலுக்கு இன்னும் ஊரை விழுங்கத் தெரியாத காலத்தில், அலைமுகப் பட்டினம் என்றொரு துறைமுகம் இருந்தது. அதைச் சேந்தன் என்ற மன்னன் ஆண்டான். நல்லவன்தான். ஆனால் கள் என்றால் உயிரை விடுவான். விலை கூடிய கள் என்றால் இரண்டு உயிரை விடுவான்.

அவன் அவையில் கள்ளைச் சுவைத்து மதிப்புச் சொல்ல ஓர் ஆள் இருந்தான். பெயர் கோடன். கழுத்தில் பொன்கரண்டி தொங்கும். ஆண்டுதோறும் கடலாட்டு விழாவன்று மூன்று நாட்டுக் கள் அரண்மனை முற்றத்துக்கு வரும். மலைநாட்டிலிருந்து கூந்தற்பனைக் கள். ஆற்றுநாட்டிலிருந்து தென்னங்கள். செம்மணல் நாட்டிலிருந்து பனங்கள். கோடன் எதைச் சிறந்தது என்கிறானோ, அதுதான் அந்த ஆண்டு முழுவதும் அரண்மனைக்கு.

நியாயம் தவறக் கூடாதென்று அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கொண்டுவந்த பானையின் அழகு கண்ணை மயக்கிவிடுமாம். ஆகவே எல்லாக் கள்ளையும் ஒரே மாதிரியான அரண்மனைப் பானைகளில் ஊற்றிவிடுவார்கள். ஊற்றிவிட்டு, எந்த நாட்டுக் கள், என்ன விலை என்று ஓலையில் எழுதி, பானையின் கழுத்திலேயே கட்டிவிடுவார்கள். அடடா, என்ன நியாயம், என்ன நியாயம்!

இப்போது ஒரு ரகசியம் சொல்கிறேன், வெளியே சொல்லாதீர்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் ஒரு விஷக்காய்ச்சல் வந்து கோடனின் நாக்கும் மூக்கும் போய்விட்டன. உப்பும் தெரியாது, வெல்லமும் தெரியாது. பாவம், முதல் ஆண்டு அழுதான். அடுத்த ஆண்டு ஓலையைப் பார்த்தான். அதற்கடுத்த ஆண்டு அழுவதை விட்டுவிட்டான்.

ஓலையில் ஒரு பொன் என்றிருந்தால், கண்ணை மூடி நெடுநேரம் தலையாட்டுவான். ஒரு படி மிளகு என்றிருந்தால், பாதிக் கண் மூடுவான். இரண்டு படி நெல் என்றிருந்தால், தூ என்று துப்புவான். பொன் விலை சொன்னவர் மலைநாட்டு வணிகர் அந்துவனார். நெல் விலை சொன்னவள் செம்மணல் நாட்டு வெண்ணி. ஒவ்வோர் ஆண்டும் வெண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு பானையோடு திரும்பிப் போவாள். அதைப் பார்க்காமலிருக்கக் கோடன் வானத்தைப் பார்த்துக்கொள்வான்.

இப்படியே போயிருக்கும். ஆனால் போன ஆண்டு ஒரு பொன் கொடுத்து வாங்கிய கள்ளைக் குடித்து அமைச்சர்கள் எல்லாரும் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். முணுமுணுப்பு மன்னன் காதுக்கும் போயிற்று.

"கோடா, இந்த ஆண்டு உன் தீர்ப்பு பொய்த்தால் உன் நாக்கை எடுத்துவிடுவேன்" என்றான் சேந்தன்.

கோடனுக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது. ஒன்றுக்கும் உதவாத நாக்குதான். ஆனாலும் தன் நாக்கு ஆயிற்றே!

விழா நாள் வந்தது. அவை கூடும் முன்பே முற்றத்தில் மூன்று பானைகளும் நின்றன. மன்னனின் செல்லக் கிடாய்க்கு அரிசி கழுவின நீர் வைக்கும் இடமும் அந்த முற்றம்தான். வைப்பதும் அதே அரண்மனைப் பானையில்தான். தன் இடத்தில் வேறு பானைகள் நிற்பதைக் கண்டு கிடாய்க்குக் கோபம் வந்துவிட்டது. ஓடிவந்து ஒரு முட்டு. அந்துவனாரின் பொன் விலைக் கள் மண்ணோடு போயிற்று. பிறகு ஆற அமர நின்று மூன்று ஓலைகளையும் தின்றது. காவலர் இருவர் பதறியடித்து அதை இழுத்துக் கட்டினார்கள். முற்றத்தைத் துடைத்தார்கள். மிச்சமிருந்த பானைகளை வரிசையாக வைத்து எண்ணினார்கள். மூன்று இருந்தது. அப்பாடா என்று நகர்ந்துகொண்டார்கள். நடுவில் நின்றது கிடாயின் கழுநீர்ப் பானை. அதுவும் வெள்ளை, கள்ளும் வெள்ளை.

அவை கூடியது. கோடன் வந்தான். பானைக் கழுத்தைப் பார்த்தான். ஐயோ, ஓலை எங்கே?

முதல் பானையில் ஒரு மடக்கு. ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் பானையில் ஒரு மடக்கு. ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் பானையிலும் அதே கதி. நிமிர்ந்து அந்துவனாரைப் பார்த்தான். வெயில் கண்ணில் பட்டு அவர் முகத்தைச் சுளித்தார். கோடன் அதைப் புன்னகை என்று எடுத்துக்கொண்டான். அப்போது அவர் பார்வை நடுப்பானைமேல் இருந்தது.

"இதுதான், அரசே! மலைச்சாரலின் குளிர்ச்சி, கூந்தற்பனையின் மணம்! ஒரு பொன் தாராளமாகப் பெறும்" என்று கண்ணை மூடித் தலையாட்டினான்.

மன்னன் குடித்தான். "ஆகா!" என்றான். அமைச்சர்கள் குடித்தார்கள். "ஆகா, ஆகா!" என்றார்கள். அந்துவனார் குடித்தார். "என் கள்ளேதான், சந்தேகமே இல்லை. இந்த ஆண்டு ஒன்றரைப் பொன்" என்றார்.

வெண்ணி முன்னால் வந்தாள். "ஒரு பொன் பெறுகிற கள் எப்படித்தான் இருக்கும்னு நானும் தெரிஞ்சுக்கிறேனே." ஒரு மடக்குக் குடித்தாள். திகைத்தாள். மறுபடியும் குடித்தாள்.

"அரசே, இது அரிசி கழுவின தண்ணி."

அவை சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. நடுப்பானைக்குள் தலையை விட்டு மடமடவென்று குடித்தது. பக்கத்துப் பானைகளை அது திரும்பியும் பார்க்கவில்லை. காவலர் இருவரும் மன்னன் காலில் விழுந்து நடந்ததைச் சொல்லிவிட்டார்கள்.

கோடன் பொன்கரண்டியைக் கழற்றி மன்னன்முன் வைத்தான். பயத்தைவிட வெட்கம்தான் அவனைத் தின்றது.

"எனக்குச் சுவை தெரியாமல் போய்ப் பன்னிரண்டு ஆண்டாயிற்று, அரசே. இத்தனை நாளும் ஓலையைத்தான் சுவைத்தேன். வெண்ணி, உன் கள்ளை நான் ஒருநாளும் சுவைத்ததில்லை தாயே. துப்ப மட்டும்தான் செய்தேன்" என்று அழுதான்.

மன்னன் நாக்கை எடுக்கச் சொல்லியிருப்பான். ஆனால் "ஆகா" என்ற நாக்குகளை எண்ணத் தொடங்கினால் தன் வாயும் கணக்கில் வருமே!

"என் கிடாய் ஒருநாள் தின்ற ஓலையை நீ பன்னிரண்டு ஆண்டாகத் தின்றிருக்கிறாய். இனி தினமும் அதற்குக் கழுநீர் வை. அதுவே தண்டனை" என்றான். அந்துவனார் எந்தப் பக்கமாகப் போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

பிறகு மன்னன் வெண்ணியின் பானை எது என்று அவளையே கேட்டு வாங்கி ஒரு குவளை குடித்தான். இன்னொரு குவளை குடித்தான். மூன்றாவதும் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் கோடன் பக்கம் திரும்பி, "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டான்.

வெண்ணிக்குப் பொறுக்கவில்லை. "குடிச்சது நீங்கதானே, அரசே!"

ஆகையால் கேட்டவர்களே, பொருளைச் சுவைக்கும் முன் விலையைச் சுவைக்கிறவன், கழுநீருக்கும் பொன் கொடுப்பான்.