சோபாவில் ஏறிய சப்வூஃபர்

“சத்தத்த எவ்வளவு கூட்டி வெச்சாலும் ஜன்னல் கண்ணாடிதான் அதிருது, மாஸ்டர். அவ உட்கார்ற இடத்துல மட்டும் ஒண்ணுமே இல்ல.”

தணிகாசலம் அறுபதை நெருங்குபவர். அவர் ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்ட சலோமிக்கு முப்பது கூட ஆகவில்லை. வீடுகளில் தியேட்டர் அமைக்கும் வேலையை அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. அவளுடைய காது அப்படிப்பட்ட காது.

இது அவருடைய சொந்த வீடு. காய்ச்சலில் மனைவி குணவதிக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். படத்தில் ரயில் வந்தால் அந்தத் தடதடப்பு மட்டுமாவது அவள் உடம்புக்குத் தெரிய வேண்டும். மனுஷனுக்கு வேறு ஆசை கிடையாது.

சலோமி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். டிவிக்கு நேர் கீழே, வருகிறவர் கண்ணில் படும்படி, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது அடித்தொனியை அதிரவைக்கும் சப்வூஃபர் பெட்டி.

குணவதியை எழுந்திருக்கும்படி சைகை காட்டினாள். அந்தக் கனத்த பெட்டியைத் தூக்கி, குணவதி உட்காரும் இடத்திலேயே சோபாவில் வைத்தாள். படத்தில் ரயில் வரும் காட்சியை ஓடவிட்டாள்.

“அண்ணே, முட்டி போட்டு சுவரோரமா போங்க. எந்த இடத்துல தடதடப்பு நல்லா தெரியுதோ, அங்க பெட்டிய வெச்சா அண்ணி இடத்துலயும் அப்படியே தெரியும்.”

“நானா?”

“பின்ன, பெட்டியா போகும்?”

போனார். ஓரிடத்தில் சத்தம் குமுறியது. ஓரிடத்தில் செத்துக் கிடந்தது. செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்து மூலையில் ரயில் தெளிவாக ஓடியது.

“இங்க, மாஸ்டர். ஆனா இங்க வெச்சா யாருக்கும் தெரியாதே!”

சலோமி செருப்புகளை ஒதுக்கிவிட்டுப் பெட்டியை அங்கே வைத்தாள். சத்தத்தைக் குறைத்தாள். திரையோரத்து ஸ்பீக்கர்களோடு அது இழையும்வரை பெட்டியின் குமிழ்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். என்ன பொறுமை!

குணவதி தன் இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி ரயில் வந்தது.

தணிகாசலம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாச் சத்தமும் திரையிலிருந்து வருவது போலத்தான் இருந்தது. அவர் முகம் தொங்கிப்போனது.

“பெட்டி வாயே திறக்கலையே, மாஸ்டர். ஓடுதா?”

சலோமி அதன் சுவிட்சை அணைத்தாள்.

திரையில் ரயில் போய்க்கொண்டுதான் இருந்தது. குணவதி கண்ணைத் திறந்தாள். சோபாவின் கைப்பிடியை ஒருமுறை தடவிப் பார்த்தாள். கணவர் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, ரயில் ஏன் நின்னுடுச்சு?”