பிணத்துக்கு விழுந்த கைதட்டல்

வக்கிரசேனன் என்று ஒரு நாடகம். தனபாக்கியம் அம்மாள் கம்பெனியைத் தவிர வேறு யாரும் அதைப் போட்டதில்லை; போடச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. தம்பி ராஜாவாகிவிட்டானே என்று வயிறெரிந்த அண்ணன், அவனைக் குத்திக் கொன்று பழி தீர்த்துக்கொள்வதுதான் கதை.

அண்ணன் வேஷம் சங்கிலிமுத்துவுக்கு. ராஜா வேஷம் சோலைராசுவுக்கு. குத்துவது என்னவோ சங்கிலிமுத்துதான். ஆனால் குத்து வாங்கிய சோலைராசு விழுந்து, புரண்டு, ஒரு பாட்டும் பாடி உயிரை விடுவான் பாருங்கள், கொட்டகையே இரண்டுபடும். கைதட்டல் அத்தனையும் பிணத்துக்கு. கொன்றவன் ஓரமாக மரக்கத்தியோடு நிற்க வேண்டியதுதான். நின்று நின்று சங்கிலிமுத்துவுக்கு நெஞ்செல்லாம் புகைந்தது.

அன்று சாயங்காலம் அரிதாரம் பூசிக்கொண்டே வாத்தியாரம்மாவிடம் போனான். தனபாக்கியம் அம்மாள்தான் அவனுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர்.

"அம்மா, ராஜா வேஷத்தை எனக்குக் குடுங்க. இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

"அவனைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருதும்மா. ஒரு நாளாவது பழி வாங்கினாத்தான் மனசு ஆறும்போல இருக்கு. ஆறுமா?"

அம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நாடகம் முடியட்டும்ப்பா, சொல்றேன்."

வழக்கமாக மரக்கத்தியை அக்குளில் செருகிக் குத்தின மாதிரி காட்டுவார்கள். அன்றைக்குச் சங்கிலிமுத்து இத்தனை நாள் கோபத்தையும் திரட்டி, விலாவிலேயே ஓர் இடி இடித்தான்.

"ஐயோ, அம்மா!"

வசனத்தில் இல்லாத அலறல். அதற்கப்புறம் சோலைராசு முனகி முனகிப் பாடிச் செத்தானே, அப்படி ஒரு சாவை அந்த ஊர் ஜனம் பார்த்ததே இல்லை. பெண்களெல்லாம் முந்தானையில் மூக்கைச் சிந்தினார்கள்.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஒன்ஸ் மோர்!"

யாரென்று பார்த்தால், வாத்தியாரம்மா! திரைக்குப் பின்னால் இருக்க வேண்டியவர், ஜனத்தோடு ஜனமாக உட்கார்ந்திருந்தார். உடனே கொட்டகையே சேர்ந்து கத்தியது. ஒன்ஸ் மோர் வந்துவிட்டால் செத்தவன் எழுந்து மறுபடியும் குத்து வாங்க வேண்டும். கம்பெனி வழக்கம் அது.

சோலைராசு எழுந்து கிரீடத்தைச் சரிசெய்துகொண்டான். சங்கிலிமுத்துவின் காதோரம் வந்து முணுமுணுத்தான்.

"அண்ணே, இந்தத் தடவை இடது பக்கம் குத்துங்கண்ணே. வலது பக்கம் தாங்காது."

சங்கிலிமுத்துவுக்குக் கை கூசியது. குத்தாமல் தப்ப முடியாது, ஊரே பார்க்கிறது. பாதி வேகத்தில் குத்தினான். சோலைராசு இன்னும் பிரமாதமாகச் செத்தான்.

"ஒன்ஸ் மோர்!" மறுபடியும் அதே அம்மாள்.

"நல்லா ஓங்கியே குத்துங்கண்ணே" என்றான் எழுந்து வந்த சோலைராசு, மூச்சு வாங்க. "நமக்கு என்னைக்குண்ணே இப்படிக் கைதட்டினாங்க!"

நமக்கு என்றான் பாவி. சங்கிலிமுத்துவின் கத்தி சந்தனம் பூசுகிற மாதிரி அவன் மேல் பட்டது.

"தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும். இதோட செத்துப்போயிடுப்பா" என்று கெஞ்சினான்.

நாடகம் முடிந்ததும் அரிதாரத்தைக்கூடக் கலைக்காமல் அம்மாள் முன்னால் போய் நின்றான்.

"என்னம்மா அநியாயம் இது! நீங்களே ஒன்ஸ் மோர் கேக்குறீங்க?"

"பழி வாங்கினா மனசு ஆறுமான்னு கேட்டியே. ஆறுச்சா?"

"எங்கேம்மா ஆறுச்சு! இப்பத்தான் அவன் விலாவுக்கு எண்ணெய் தேய்ச்சுவிட்டுட்டு வர்றேன். அவன் மூஞ்சியைப் பார்க்கவே வெக்கமா இருக்கு."

"சரி, போ. நீ கேட்டதைக் குடுத்துடுறேன். நாளைக்கு நீதான் ராஜா. கத்தி சோலைராசு கையில."

சங்கிலிமுத்துவுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கூடப் பார்த்தான். அப்புறம் அவன் கை தானாக இறங்கி விலாவைத் தடவிக்கொண்டது.

"அம்மா..."

"என்னப்பா?"

"நாளைக்கு நீங்க எங்கே உட்காருவீங்க?"

"முன்வரிசையிலதான்."