காயா பூத்த நாலு நாள்

“என் கண்ணு கெட்டுப்போச்சுங்க மேடம்,” என்றார் தெய்வசிகாமணி.

“கண் ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கு சார். இது செத்த செடிங்களுக்கு,” என்றாள் அமலோற்பவம்.

அவள் தலை நிமிரவில்லை. காய்ந்த இலை ஒன்றின் முதுகில் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

அது கடலோர ஊர் ஒன்றின் பழைய கல்லூரி. மேல்மாடியில் ஒரு நீண்ட கூடம். செடிகளைக் காயவைத்து, தாளில் ஒட்டி, அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்தார்கள். வாசலில் ஹெர்பேரியம் என்று எழுதியிருந்தது. பதினாறு வருடங்களாக அந்தக் கூடம் அமலோற்பவத்தின் பொறுப்பு. அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

வந்தவருக்கு அறுபத்தைந்து. தொலைபேசி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். தோளில் கேமராப் பை.

“எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது. பூ மட்டும்தான்,” என்றார்.

“பூ தெரியலையா?”

“தெரியுது. போதலை.”

அமலோற்பவம் தூரிகையைக் கீழே வைத்தாள்.

அவர் சொன்னார். ஐந்து வருடங்களுக்கு முன்பு, ஓய்வு பெற்ற கையோடு கேமரா வாங்கினார். ஊருக்கு வெளியே மணல்மேட்டுப் புதர்க்காட்டில் ஒரு காயா மரம். அது பூத்திருந்தபோது எடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் வெளிறியிருந்தது. கம்ப்யூட்டரில் நீலத்தைக் கொஞ்சம் ஏற்றினார். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினார். பூவின் ஒவ்வொரு மகரந்த இழையும் தனித்தனியாகத் தெரியும்படி கூர்மையாக்கினார். பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, கூடத்துச் சுவரில் மாட்டினார். வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்றார்கள்.

“போன வருஷம் என் சம்சாரத்தை மரத்துக்கிட்டயே கூட்டிட்டுப் போனேன். அம்புஜவல்லின்னு பேரு. அப்பத்தான் நல்லாப் பூத்திருந்துச்சு. கொஞ்ச நேரம் அண்ணாந்து பாத்தா. ‘இதானா? வீட்டுல இருக்கறது நல்லாருக்குங்க’ன்னுட்டா.”

“கோவம் வந்துச்சா?”

“எப்படி வரும்? அவ சொல்றதுக்கு முந்தியே எனக்கும் அதான் தோணிச்சு.”

கூடத்தில் மின்விசிறி சுற்றியது. மேஜையில் இருந்த தாள்கள் ஓரம் தூக்கிப் படிந்தன.

“அன்னையிலேருந்து இப்படித்தான். செம்பருத்தியைப் பாத்தா வெளிறிக் கெடக்கு. மீன்கொத்தி வந்து உக்காருது, அதுவும் சாயம் போன துணி மாதிரி. பாத்த உடனே மனசு ஏத்திவிட ஆரம்பிச்சுடுது. ஏத்தாம ஒண்ணையும் பாக்க முடியலைங்க.”

“அதுக்கு நான் என்ன பண்ணணும்?”

“காயா உண்மையில என்ன நிறம்? அதை மட்டும் சொல்லுங்க. நாளைக்குப் பூத்துடும். நாலு நாள்ல கொட்டிடும். இந்தத் தடவையும் பிடிபடலைன்னா கேமராவை மச்சானுக்குக் குடுத்துடுவேன். அந்தப் பக்கமே போகமாட்டேன்.”

“கேமரா என்ன பாவம் பண்ணிச்சு?” என்று சொல்லிக்கொண்டே அமலோற்பவம் எழுந்து போனாள்.

மூன்று தாள்களோடு வந்தாள். மூன்றிலும் ஒரு கிளை. தடித்த இலைகள். கணுக்களில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது.

“இதுதான் காயா.”

“மூக்குப்பொடி மாதிரி இருக்கே!”

“காஞ்சா அப்படித்தான். இலை, காம்பு, கணு எல்லாம் அப்படியே இருக்கும். நிறம் மட்டும் நிக்காது. அதனால எழுதி வைப்போம்.” தாளின் கீழ் மூலையைத் தொட்டாள். “பறிக்கிறதுக்கு முந்தியே எழுதிடணும். பறிச்சுக் கையில வச்சுக்கிட்டு எழுதினா, பாதி போயிருக்கும்.”

தெய்வசிகாமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆவலாகக் குனிந்தார்.

முதல் தாளில் ‘நீலம், ஊதா கலந்தது’ என்று இருந்தது. இரண்டாவதில் ‘ஊதா, நீலம் கலந்தது’. மூன்றாவதில் ‘மதியத்தில் நீலம்’.

“இதுல எது சரி?”

“மூணு பேரும் மரத்தடியில நின்னு எழுதினவங்க.”

“இது பதில் இல்லைங்களே மேடம்.”

“இல்லைதான்.”

ஒரு பென்சிலையும், தாள் மூலையில் ஒட்டும் வெற்றுச் சீட்டுக் கட்டு ஒன்றையும் அவரிடம் கொடுத்தாள்.

“நாளைக்குக் காலைல மரத்தடிக்கு வாங்க. எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கு. நான் சொல்ற வரைக்கும் பையோட ஜிப்பைத் திறக்கக் கூடாது.”

“மொத்தமே நாலு நாள்தாங்க.”

“நாலு நாள்தான்,” என்றாள்.



மரம் பூத்திருந்தது.

இலையில்லாத கணுக்களில் எல்லாம் பூ. தூரத்தில் இருந்து பார்க்கும்போது கிளைகள் மெல்லப் புகைவதுபோல் இருந்தது. கிட்டே வந்ததும் தெய்வசிகாமணியின் முகம் வாடியது. போன வருடம் போலவேதான்.

மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து எழுதினார்.

அமலோற்பவம் ஒரு புல்லை வேரோடு எடுத்துக்கொண்டு வந்தாள். சீட்டை வாங்கிப் பார்த்தாள். ‘காயாம்பூ நிறம்’ என்று இருந்தது.

“பெருமாள் என்ன நிறம் சார்?”

“காயாம்பூ நிறம்.”

“காயாம்பூ என்ன நிறம்?”

அவர் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“நிறத்தோட பேரு வேணாம். நிறத்தை எழுதுங்க.”

“பேரு இல்லாம எப்படி எழுதுறது?”

அவள் வேறொரு புல்லைத் தேடிப் போய்விட்டாள்.

மதியம் வந்தபோது இன்னொரு சீட்டில் ‘மயில் கழுத்து’ என்று இருந்தது.

“மயில் வந்துச்சா?”

“இல்லையே.”

“அப்ப அடிச்சுடுங்க.”

அடித்தார். அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு சீட்டுகளில் எழுதி, பதினொன்றையும் அடித்தார். பேருந்தில் திரும்பும்போது, பைக்குள் கேமரா அவர் மடியில் கனத்தது. ஒரு நாள் போய்விட்டது.



இரண்டாம் நாள் அமலோற்பவம் அவரை மரத்துக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னாள்.

“பூவைப் பாக்க வந்துட்டுக் கடலைப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?”

“கடல் இங்கேயிருந்து தெரியாது. எழுதுங்க. மரத்தைப் பத்தி என்ன ஞாபகம் இருக்கோ அதையெல்லாம்.”

இது அவருக்கு வசதியாக இருந்தது. மளமளவென்று எழுதினார். இடப்பக்கக் கிளை. ஐந்து கொத்து. நடுக்கொத்தில் ஒரு தேனீ, இறக்கை விரித்தபடி. பின்னால் இருட்டு. ஒவ்வொரு இழையிலும் ஒரு பொட்டு வெளிச்சம். சீட்டின் மறுபக்கமும் நிறைந்தது.

“திரும்புங்க. சரிபாருங்க.”

திரும்பினார்.

இடப்பக்கம் கிளை இல்லை. எப்போதோ ஒடிந்து, ஒடிந்த இடமும் கறுத்திருந்தது. தேனீ ஒன்றல்ல. மரம் முழுக்கத் தேனீ. ஒன்றும் நிற்கவில்லை. பின்னால் இருட்டு எங்கேயும் இல்லை. இலைகளுக்கு நடுவே வானம்தான் இருந்தது.

சீட்டை மறுபடி படித்தார்.

“ஒண்ணுகூட ஒத்து வரலைங்க,” என்றார்.

அவள் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தாள்.

“தப்பு ஒண்ணும் இல்ல சார். சரியாத்தான் எழுதியிருக்கீங்க. உங்க வீட்டுச் சுவத்தைப் பத்தி.”

அவருக்குச் சுருக்கென்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மணல்மேட்டில் இறங்கினார். பாதி இறங்கியதும் நின்றார். கீழே சாலையில் ஒரு பேருந்து வந்து, நின்று, போனது.

மறுபடி ஏறி வந்து துண்டை விரித்தார். இந்தத் தடவை மரத்தைப் பார்த்து.

அதன்பிறகு அன்று எதுவும் எழுதவில்லை.



மூன்றாம் நாள் அமலோற்பவம் வருவதற்கு முன்பே அவர் வந்திருந்தார். மரத்தடியில் மல்லாந்து படுத்திருந்தார்.

காற்று இல்லை. தேனீக்களின் சத்தம் முதலில் மரத்தில் இருந்தது. பிறகு மணலுக்கு இறங்கியது. பிறகு அவருடைய முதுகுக்குக் கீழே எங்கேயோ கேட்டது. கண்ணுக்குத் தெரியாத கடல் ஒரு பக்கம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஒரு பூவைப் பார்த்தார். அது ஒரு பூ இல்லை. மொட்டு ஒரு நிறம். நகத்துக்கு அடியில் தெரியும் சதைபோல. அதைத் தாங்கும் காம்பில் லேசான சிவப்பு. விரிந்த இதழில் நடு வேறு, ஓரம் வேறு. இதழைவிட இழைகள் அழுத்தமாக இருந்தன. இழையின் முனை மட்டும் வெளுத்திருந்தது. பக்கத்துப் பூ நேற்றே விரிந்தது போலும். அதன் ஓரத்தில் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. இத்தனையும் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கின.

சற்றுத் தள்ளிப் பார்த்தபோது, இவற்றில் எதிலும் இல்லாத ஒரு நிறம் கிளை முழுவதும் நின்றது.

ஒரு மேகம் வந்தது. பூக்கள் எல்லாம் ஒரு விரற்கடை முன்னால் வந்தன. மேகம் போனது. பூக்கள் உள்ளே போயின.

அவர் தூங்கினாரா என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது ஓர் இமை திறக்கவில்லை. அதன்மேல் ஒரு பூ விழுந்திருந்தது. அதை எடுக்காமல் ஒற்றைக் கண்ணால் மரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அது காலையா மதியமா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை.

அமலோற்பவம் வந்து பார்த்தபோது பென்சில் மணலில் செருகியிருந்தது. சீட்டில் ஒரே வரி.

‘மேகம் வந்தால் வெளியே வருகிறது. வெயில் வந்தால் உள்ளே போகிறது.’

படித்தாள். அவர் அடிப்பதற்காகப் பென்சிலை எடுத்தார்.

அவள் சீட்டைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நல்லாருக்கா?” என்று கேட்டார்.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள்.

அப்போதுதான் அவருக்குப் பசித்தது. இருவரும் அவள் கொண்டுவந்திருந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டார்கள். ஊறுகாய் நன்றாக இருந்தது என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.



நாலாம் நாள் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. கடலில் இருந்து காற்று அடித்தது. பூக்கள் பாதிக்கு மேல் கொட்டிவிட்டன. அடியில் மணல் தெரியவில்லை. மீதியும் நின்ற இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

தெய்வசிகாமணி வானத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார். அமலோற்பவத்தைப் பார்த்தார்.

“எடுங்க,” என்றாள்.

“இந்தக் காத்துலயா? நேத்து எவ்வளவு நல்லா இருந்துச்சு! அசையவே இல்லைங்களே. நேத்தே சொல்லியிருந்தா என்ன?”

“நேத்து நீங்க கேக்கலையே சார்.”

நேற்று நாள் முழுக்கப் பை மரத்தடியிலேயே கிடந்தது.

“எத்தனை எடுக்கலாம்?”

“ஒண்ணே ஒண்ணு.”

ஜிப்பைத் திறந்தார். பழகிய கை தானாக வேலை செய்தது. தாழ்ந்திருந்த ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்தார். மூன்று பூ, ஒரு மொட்டு. ஒரு முழங்காலை ஊன்றினார். வலித்தது. அந்த முழங்காலை மாற்றி மற்றதை ஊன்றினார். அதுவும் வலித்தது. கிளை ஆடியது. மூச்சை அடக்கிக் காத்திருந்தார். காற்று ஒரு கணம் எங்கேயோ பார்க்கப் போனது.

ஷட்டர் விழுந்தது.

உடனே திரையைப் பார்த்தார். எப்போதும் அப்படித்தான். பூவைப் பார்க்கும் நேரத்தைவிடத் திரையைப் பார்க்கும் நேரம் அதிகம்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிப் பூவைப் பார்த்தார். மறுபடி திரை. மறுபடி பூ.

“எப்படி வந்திருக்கு?” என்றாள் அமலோற்பவம்.

“தப்பா இருக்கு.”

“வெளிறிப்போச்சா? ஏத்திக்கலாமே.”

“ஏத்தறதா?” அவர் குரல் உயர்ந்தது. “ஏத்தறதுக்கு என்னங்க இருக்கு? இங்க பாருங்க, இந்தக் காம்பு. அந்தச் செவப்பு இதுல எங்க? மொட்டை வெள்ளையாவே ஆக்கிடுச்சு. அது வெள்ளையா? நீங்களே பாருங்க. கிட்ட வாங்க. இப்படிக் குனிஞ்சு பாருங்க.”

அவள் குனிந்தாள்.

“இந்த ஓரத்துப் பூ நேத்து விரிஞ்சது. இது இன்னைக்கு. ரெண்டையும் ஒண்ணாக் காட்டுது இது. ரெண்டும் ஒண்ணாங்க? அப்புறம் இந்த இழை…”

முதல் துளி இலையில் விழுந்தது. அடுத்தது கேமராவின் கண்ணாடியில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. கேமரா கழுத்தில் தொங்கி ஆடியது. அவர் இரண்டு கைகளாலும் கிளையைப் பிடித்துத் தாழ்த்தி, ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

அமலோற்பவம் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

“ம்,” என்றாள். “அப்புறம்?”