கப்பலேறிய வீணை

முன்னொரு காலத்தில் பவளத்துறை என்கிற கடற்கரை நாட்டை மகுடராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மனசு மட்டும் பாய்மரத்து உச்சியில் கட்டின கொடி. காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். காலையில் "இனி அரண்மனையில் புளியே கூடாது!" என்பார். மத்தியானம் "ரசம் எங்கேடா?" என்று கத்துவார்.

அன்றைக்குக் காற்றாக வீசியவர் சங்கீத மண்டபத் தலைவர் குலோத்தமர். மந்திரி அறவாழியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். ராஜாவிடம் பேசும்போது மட்டும் குரலில் நெய் ஒழுகும்.

"பிரபோ! சாவகத் தீவின் இளவரசர் தங்கள் உயிர் நண்பர். அவருடைய தூதர் நம் கடைவீதியில் ஒரு வீணை கேட்டிருக்கிறார். கடைக்காரி வஞ்சியம்மை, 'முடியாது, உங்கள் ஊரிலேயே எங்கள் இசக்கி கடை வைத்திருக்கிறார், அங்கே வாங்குங்கள்' என்றாளாம். அங்கே விலை ஒன்றரை மடங்கு பிரபோ! ஒன்றரை!"

வஞ்சியம்மையை இழுத்து வந்தார்கள். அவள் நடுங்கவில்லை.

"மகாராஜா, வீணை செய்கிற மலைக்காரர்கள் சரக்குக் கொடுக்கும்போதே சத்தியம் வாங்கிக்கொள்கிறார்கள். ஓர் ஊரில் கடை இருந்தால், வேற்றூர்க் கடைக்காரர் அந்த ஊர்க்காரருக்கு விற்கக் கூடாது. மீறினால் எனக்கு அடுத்த வீணை வராது."

"என் நாட்டில் மலைக்காரன் சட்டமா?" ராஜா சிம்மாசனத்தின் கையைக் குத்தினார். "நாளை மாலைக்குள் விற்கிறாய். இல்லையேல் கடைக்குப் பூட்டு, உனக்கு நாடு கடத்தல்!"

அந்தச் சத்தியத்தின் காரணம் அறவாழிக்குத் தெரியும். ஆனால் கொடி படபடக்கிற நேரத்தில் காரணம் சொன்னால் காதில் ஏறாது. இந்த ராஜாவுக்கு எதுவும் காது வழியாகப் போகாது. தினமும் வீணை மீட்டுகிற அந்த விரல் வழியாகத்தான் போகும்.

அறவாழி எழுந்தார். "நாளை வரை எதற்கு அரசே? பூட்டை இப்போதே போடுங்கள். இவரை எல்லைச் சத்திரத்துக்கு அனுப்பிவிடுங்கள்."

குலோத்தமருக்கே வாய் பிளந்தது. வஞ்சியம்மை பார்த்த பார்வையில் அறவாழியின் முதுகு கூசியது.

"ஒரே ஒரு வேண்டுகோள்" என்றார். "வீணை கடலில் சுகமாகப் போகுமா என்று பார்க்க வேண்டாமா? தங்கள் வீணையை நாளை பகல் முழுக்கத் தூதரின் கப்பல் அடித்தட்டில் வைப்போம். மாலையில் வாசியுங்கள். அதன் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், என் மந்திரிப் பதவியின் முத்திரை மோதிரம் குலோத்தமருக்கு."

"என் வீணைக்குக் கப்பல் சவாரியா? பலே!" ராஜாவுக்கு ஒரே குஷி.

மறுநாள் மாலை. தூதர் முன்வரிசையில். ராஜா கண்ணை மூடி, தலையை ஆட்டி, தந்தியை மீட்டினார்.

வீணைக்குள்ளிருந்து கழுதை ஒன்று கத்தி, நடுவில் தும்மினது.

ராஜா கண்ணைத் திறந்தார். வீணையில் தந்திக்கு அடியில் வரிசையாக நிற்கும் பித்தளை மெட்டுகள் மெழுகில் பதித்தவை. அடித்தட்டுச் சூட்டில் மெழுகு இளகி, மெட்டு ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

"மெழுகுதானே பிரபோ!" குலோத்தமர் விளக்கோடு பாய்ந்தார். "இதற்கு ஒரு கடைக்காரி வேண்டுமா?" உருக்கினார், ஒட்டினார், குனிந்து ஊதினார். மெட்டு ஒன்று மீசையில் நின்றது. தூதர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வஞ்சியம்மையைக் கூப்பிடு!" ராஜா கத்தினார்.

"எல்லைச் சத்திரத்தில் இருக்கிறார் அரசே" என்றார் அறவாழி.

"வேறு யார் இருக்கிறார்கள்?"

"சாவகத்தில் இசக்கி இருக்கிறார். காற்றுத் திரும்ப இன்னும் சில மாதம். அப்புறம்தான் கப்பல் ஏறுவார்."

ராஜா கோணல் மெட்டுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்போ, சாவகத்தில் இறங்குகிற ஒவ்வொரு வீணையும்..."

"இப்படித்தான் இறங்கும். இசக்கி மெட்டுக் கட்டிக் கொடுப்பார். ஊரில் யார் வீணை கோணினாலும் அவர்தான். அதற்குத் தனிக் கூலி கிடையாது. விற்பனையில்தான் அவர் சோறு. விலையில் ஏறின அந்த அரை மடங்கு அதற்குத்தான் அரசே. எல்லோரும் இங்கே மலிவாக வாங்கினால் அவர் கடையை மூடுவார். அப்புறம் சாவகம் பூராவும் கழுதைதான்."

"சரி. ஒரே கடை என்றால் அவர் இஷ்டத்துக்கு விலை ஏற்றமாட்டாரா?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற அறவாழி தயங்கினார். "ஏற்றலாம் அரசே. அந்தப் பயம் நியாயம்தான். அதற்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை."

ராஜா முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். "தெரியவில்லை என்று சொல்கிற மந்திரி எனக்கு வேண்டும். மோதிரம் உம்மிடமே இருக்கட்டும்."

தீர்ப்பு வந்தது. கடை இருக்கிற ஊருக்குச் சத்தியம் நிற்கும். கடையே இல்லாத ஊருக்கு வஞ்சியம்மை தாராளமாக விற்கலாம். ஆனால் வாங்க வருகிறவருக்கு மெட்டுக் கட்டக் கற்றுக்கொடுத்து அனுப்ப வேண்டும். இளவரசருக்கான வீணையை ராஜாவின் பரிசாக இசக்கி கடையிலேயே வாங்க வேண்டும். வாங்கிக் கொடுக்கப் போகிறவர் குலோத்தமர்.

"அப்படியே இசக்கியிடம் தொழிலும் பழகிக்கொண்டு வாரும்" என்றார் ராஜா. "மெழுகுதானே!"

வஞ்சியம்மை திரும்பி வந்தபோது, கடைப் பூட்டை ராஜாவே திறந்துவிட்டார். அவள் அங்கேயே உட்கார்ந்து மெட்டுகளை நேராக்கினாள்.

"கூலி எவ்வளவு அம்மா?"

"இது என் கடையில் வாங்கின வீணை மகாராஜா. கூலி எதற்கு?"

குலோத்தமர் இன்னும் ஊர் திரும்பவில்லை. மெழுகு உருக்கும்போதெல்லாம் ஒரு கையால் மீசையைப் பொத்திக்கொள்கிறாராம். அப்புறம் ஒற்றைக் கையால் மெட்டு எப்படி நேராகும், சொல்லுங்கள்!