ஹிப்போக்ரைட்டுக்கு அர்த்தம்

ஜமீன் நூலகத்தில் தூசி தட்டும் சடையன் தானாகவே இங்கிலீஷ் படித்துவிட்டான். ஜமீன்தார் அவனை மெச்சினார். இங்கிலீஷ் வாத்தியார் கோதண்டராமனுக்கு வயிறு எரிந்தது. ‘சடையன் திருடன்’ என்று ஜமீன்தாருக்கு மொட்டைக் கடிதம் போட்டார். அவர் நம்பவில்லை. வாத்தியார் நூலகத்தில் ஜமீன்தார் எதிரிலேயே சடையனை மடக்க இறங்கினார்.

“ஹிப்போக்ரைட்டுன்னா என்னடா? எஜமானுக்கு விளங்கும்படி சொல்லு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ.”

“கிரேக்கத்துல மேடை நடிகன்னு பொருள், ஐயா. ஆளைக் காட்டினாத்தான் விளங்கும். என்னைப் பத்தி எஜமான்கிட்ட ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

பொறாமை வெளியே தெரியலாமா? வாத்தியார் சிரித்தார். “தங்கமான பிள்ளை, எஜமான். என் தம்பி மாதிரி!”

சடையன் அங்கே வாத்தியார் மேஜையிலிருந்த, எழுதிய ஈர மையை ஒற்றியெடுக்கும் மையொற்றுத் தாளை எடுத்துக் கண்ணாடி முன் பிடித்தான். அதில் இடவலம் மாறிப் பதிந்திருந்த ‘சடையன் திருடன்’ என்ற மொட்டைக் கடித வரி நேராகத் தெரிந்தது.

“வெளிவேஷக்காரன்! நல்லா விளங்கிடுச்சு” என்றார் ஜமீன்தார். “இனிமே பாடம் நீ நடத்து. தூசி தட்ட வாத்தியார் இருக்கார்.”